ஏர் ரைஃபிளுக்குப் புதுக் கட்டை: பர்மா தேக்கா, பிளைவுட்டா, பிளாஸ்டிக்கா?

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் பழைய வீட்டுப் பரண்ல ஒரு ஏர் ரைஃபிள் கெடக்குறது அதிசயமே இல்ல, எடுத்துத் தொடச்சுப் பாத்தா இரும்பு நல்லாத்தான் இருக்கும், தோள்ல வச்சுப் பிடிக்கிற மரக் கட்டைதான் (ஸ்டாக்னு சொல்வாங்க) போயிருக்கும். அதுவும் கை பிடிக்கிற ஒடுங்குன எடத்துலதான் விரிசல் விட்டிருக்கும். அந்த ஸ்டாக்கை வீட்டுலயே மாத்த முடியுமான்னா தாராளமா முடியும், எதுல மாத்துறதுங்கிறதுலதான் ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

முதல்ல ஒரு விஷயம் தெளிவா இருக்கணும். 2016 ஆயுத விதிகள்படி .177 போர், அதாவது குழாய்த் துளை 4.5 மிமீ, 20 ஜூல் சக்திக்குள்ள இருக்குற ஏர் ரைஃபிளுக்கு லைசன்ஸ் வேண்டாம், நான் பேசுறது அதை மட்டும்தான். ஐயா காலத்து தோட்டா போடுற டபுள் பேரல்னா வீட்டுலயும் கை வைக்காதீங்க, தெரிஞ்ச ஆசாரிகிட்டயும் குடுக்காதீங்க, 1959 ஆயுதச் சட்டப்படி அதை ரிப்பேர் பண்றதுக்கே தனி லைசன்ஸ் வேணும்.

கம்பெனி ரெடிமேட் கட்டை: உங்க மாடலுக்குக் கெடைச்சா வாங்கி மாட்டிட்டு வேற வேலையப் பாருங்க. பெரும்பாலும் பீச் மரமாத்தான் இருக்கும், இரும்பு உக்கார்ற பள்ளமெல்லாம் மெஷின்ல வெட்டுனது, கச்சிதமா உக்காரும். ஆனா பழைய டயானா கம்பெனி மாதிரி துப்பாக்கிக்கு அளவு ஒத்து வர்றது கஷ்டம், அதனால நம்ம ஊர் பரண் சரக்குக்கு இது பாதி பேருக்கு உதவாது.

பிளாஸ்டிக்: மழை, வெயில், கரையான் எதுக்கும் அசையாது, அதை ஒத்துக்கிறேன். ஆனா உள்ள கூடு, சுடும்போது ஸ்பிரிங் சத்தம் டொங்குன்னு காதுக்கிட்டயே கேக்கும், எடையும் கம்மிங்கிறதால உதறல் கூடுதலாத் தெரியும். பின்பக்க ரப்பரைக் கழட்டி உள்ள துணியோ ஃபோமோ அடைச்சா கொஞ்சம் அடங்கும். சித்திரை வெயில்ல கன்னத்தை வச்சா வேர்வையில வழுக்குது, எனக்குப் பிடிக்கல.

மரைன் பிளை: ரெண்டு மூணு துண்டை ஒட்டி அறுத்துக்கலாம், சீப்புன்னு நெறைய பேர் சொல்றாங்க, ஆனா ஒரு விஷயத்தை யோசிக்கணும். பிளைவுட்ல ஒரு அடுக்கு நீளவாக்குல போனா அடுத்தது குறுக்கால போகும், அப்போ ஒடுங்குன கைப்பிடியில பாதி மரம் குறுக்கு ரேகை, அது பலத்துக்கு ஒண்ணும் பண்ணாது. கடையில விக்கிற லேமினேட் ஸ்டாக் வேற, அதுல எல்லா அடுக்கும் நீளவாக்குலயே ஓடும். ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுக்காதீங்க.

இப்போ தேக்கு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல இடிச்ச வீட்டுச் சாமான் விக்கிற கடைகள்ல பர்மா தேக்கு கெடைக்கும், வருஷக்கணக்கா காஞ்ச மரம், இனிமே சுருங்க முறுக்க அதுல பெருசா ஒண்ணும் இல்ல, கட்டைக்கு முக்கியமா வேண்டியதே அதுதான். ஆனா எந்தத் துண்டுங்கிறது பெரிய விஷயம். தூண் துண்டு ஒண்ணைக் காட்டி இது ஆகுமான்னு கேட்டதுக்கு எங்க ஆசாரி, "தூணு வேண்டாம் தம்பி, நட்ட நடுவுல வெடிப்பு ஓடும், நிலைக்கட்டை இருந்தா எடுத்துட்டு வாங்க"ன்னாரு. அது உண்மை, முழு மரத்துல கடைஞ்ச தூண்ல நடுத்தண்டு உள்ளயே இருக்கும், அங்கருந்துதான் வெடிப்பு கெளம்பும். கதவுப் பலகை கனம் பத்தாது, உங்களுக்கு ரெண்டு இஞ்ச் கனம், ஏழெட்டு இஞ்ச் அகலம், மூணடி நீளமாவது வேணும். வாங்குறதுக்கு முன்னாடி காந்தத்தை வச்சு முழுக்கத் தடவிப் பாருங்க, உள்ள பழைய ஆணி இருந்தா ரம்பம் காலி. அப்புறம் பென்சில்ல துப்பாக்கி உருவத்தை வரைஞ்சு, கைப்பிடி எடத்துல ரேகை நீளவாக்குல ஓடுதான்னு பாக்கணும், குறுக்க வெட்டிட்டுப் போச்சுன்னா எவ்வளவு வைரம் பாய்ஞ்ச மரமா இருந்தாலும் அந்த எடத்துலதான் ஒடியும்.

தேக்குல குறையும் இருக்கு. மரத்துலயே எண்ணெய் இருக்கிறதால பசை சரியாப் பிடிக்காது, ஒட்டுறதா இருந்தா தின்னர்ல தொடச்சிட்டு அரால்டைட் போடுங்க. உளி சீக்கிரம் மழுங்கும், பக்கத்துலயே தீட்டுக்கல் இருக்கட்டும்.

மரம் எதுவா இருந்தாலும் குறி நிக்கிறது பள்ளம் வெட்டுறதுலதான் இருக்கு. விளக்குக் கரியை எண்ணெயில கொழைச்சு இரும்புக் குழாய்ல மெலிசாத் தடவி, பள்ளத்துல வச்சு அமுக்கி எடுத்தா எங்க முட்டுதோ அங்க மட்டும் கருப்பா ஒட்டியிருக்கும், அதை மட்டும் சுரண்டணும், திரும்ப வைக்கணும், திரும்பச் சுரண்டணும். பொறுமை இல்லன்னா இதுல எறங்காதீங்க. ஸ்பிரிங் ரைஃபிள் பின்னாடி ஒரு தடவை, முன்னாடி ஒரு தடவைன்னு ரெண்டு பக்கமும் உதைக்கும், அதனால ஸ்குரூ ஓட்டையில மரம் நசுங்கிக்கிட்டே வரும், ஓட்டைக்குள்ள சின்னப் பித்தளைக் குழாய், அதாவது புஷ் போட்டுட்டா அந்தத் தொல்லை இல்ல. கழட்டுறதுக்கு முன்னாடி உள்ள பெல்லட் (ஈயக் குண்டு) இல்லன்னு உறுதி பண்ணிக்கோங்க, கட்டை இல்லாம பேரலை மடக்கி காக் பண்ணவே பண்ணாதீங்க, ஸ்பிரிங் இருக்கிற குழாயைப் பிரிக்கவும் வேண்டாம், அது அழுத்தத்துலயே உக்காந்திருக்கும், தெறிச்சா முகத்துக்குத்தான் வரும்.

பாலிஷுக்கு வார்னிஷ் அடிக்காம லின்சீட் ஆயில் மெலிசா மெலிசா தேய்ங்க, தேக்கு ரேகை அப்பத்தான் எழும்பும். தேய்ச்ச துணியைச் சுருட்டிப் போடாதீங்க, தானாவே தீப்பிடிக்கும், வெளிய விரிச்சுக் காயப் போடுங்க.

என் ஓட்டு நிலைக்கட்டைத் தேக்குக்குத்தான். அது அமையலன்னா கதவுப் பலகை ரெண்டை ரேகை நீளவாக்குல வச்சு ஒட்டிச் செய்யலாம், பிளையை விட பல மடங்கு மேல். மாட்டி முடிச்சு கொஞ்ச நேரம் சுட்டதும் ஸ்குரூவெல்லாம் லூஸாகியிருக்கும், ஒரு தடவை முறுக்கிட்டு அப்புறம் குறி பாருங்க. சுடுறது அட்டையும் டப்பாவுமாவே இருக்கட்டும், வேட்டங்குடி சரணாலயத்துக்கு வர்ற பறவைகளுக்காக கொள்ளுக்குடிப்பட்டிக்காரங்க தீபாவளிக்கு வெடியே போடுறதில்ல, அந்தப் பக்கத்துல இருந்துக்கிட்டு புறா, கவுதாரி மேல குறி வைக்கிறது அசிங்கம், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குத்தமும்கூட.