ஸ்ட்ரீமர் தனி, டிஏசி தனி: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

ஸ்ட்ரீமராக ராஸ்பெர்ரி பை 4 என்ற கையளவுக் கணினி (சுருக்கமாக 'பை'), அதில் பாட்டு ஓட்ட மூட் ஆடியோ என்ற இலவச மென்பொருள், யூஎஸ்பி வழியாக டாப்பிங் ஈ30 என்ற டிஏசி (டிஜிட்டல் எண்களை ஒலி அலையாக்கும் பெட்டி), அங்கிருந்து ஆர்சிஏ வயரில் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர். சில வருடங்களாக எங்கள் வீட்டு ஹாலில் பாட்டு வருவது இந்த வழியாகத்தான். எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கும் சாதனத்தை விட்டுவிட்டு இரண்டையும் தனித்தனியாக வாங்கியது நல்ல முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஸ்ட்ரீமருக்கு ஒரே வேலைதான்: பாட்டின் எண்களை எடுத்து, எதையும் மாற்றாமல் அடுத்த பெட்டிக்குத் தள்ள வேண்டும். அதை மின் அலையாக்கி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுப்பது டிஏசி. இங்கே பயன்படும் அசிங்க்ரனஸ் யூஎஸ்பி என்ற முறையில் டேட்டா எந்த வேகத்தில் வர வேண்டும் என்பதை டிஏசிக்குள் இருக்கும் கடிகாரமே முடிவு செய்கிறது. அதனால் விலை உயர்ந்த ஸ்ட்ரீமர் வாங்கினால் ஒலி இன்னும் திறக்கும் என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை. அந்தப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள்.

எண்கள் மாறாமல் வருகின்றனவா என்பதை ஈ30-யின் முகப்புத் திரையிலேயே பார்க்கலாம். என் ஆண்ட்ராய்டு போனை இதே டிஏசியில் செருகி, சிடியிலிருந்து எடுத்த ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கிய) கோப்பை ஓட்டினால் திரை 48 என்று காட்டும். சிடியின் வேகமோ, அதாவது நொடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள் என்ற கணக்கோ, 44.1 கிலோஹெர்ட்ஸ். எல்லா ஆப்களின் ஒலியையும் ஒரே வேகத்துக்கு மாற்றிக் கலப்பது ஆண்ட்ராய்டின் வழக்கம். அதே கோப்பு பையிலிருந்து வந்தால் 44.1, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பு என்றால் 96. எண்கள் மாறக்கூடாது என்பதற்காக மூட் ஆடியோவில் வால்யூமை முழு அளவில் நிறுத்திவிட்டு, கூட்டுவது குறைப்பதெல்லாம் ஆம்ப்ளிஃபயரில்தான்.

சரி, காதுக்கு என்ன கிடைத்தது? முன்பு டிவியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து பாட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். அதில் மெல்லிய இரைச்சல் ஒன்று எப்போதும் அடியில் ஓடும். டிஏசி வந்ததும் அது போயிற்று. கச்சேரிப் பதிவுகளில் பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் தம்பூரா தொடர்ந்து ஒலிப்பதும், மிருதங்கத்தின் தொப்பி அடி சட்டென்று அறுந்துபோகாமல் மெதுவாக அடங்குவதும் இப்போது தெளிவாகக் கேட்கின்றன. பழைய டேப் பதிவுகளின் 'ஸ்ஸ்' சத்தமும் கூடவே தெளிவாகிறது, அதற்கு மருந்தில்லை. ஒப்பிட நினைப்பவர்கள் முதலில் இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு டெசிபல் கூடினாலே அதுதான் நன்றாக இருப்பதாகத் தோன்றும்.

தொல்லைகளும் உண்டு. மூன்று பின் பிளக் உள்ள மேசைக் கணினியை யூஎஸ்பியில் இணைத்தால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற உறுமல் வரும். கணினி, ஆம்ப்ளிஃபயர் இரண்டின் எர்த்தும் சேர்ந்து ஒரு வளையமாகிவிடுவதே காரணம். ஒளியாகச் சிக்னலைக் கடத்தும் ஆப்டிகல் கேபிளில் மின் தொடர்பே கிடையாது, உறுமலும் இல்லை. பை இரண்டு பின் அடாப்டரில் ஓடுவதால் யூஎஸ்பியிலேயே அமைதியாக இருக்கிறது. டிஏசிக்குத் தனி 5 வோல்ட் சார்ஜர் வைத்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய எதிரி மின்வெட்டு. பாட்டு ஓடும்போது கரண்ட் போய்த் திரும்பி வந்தால் சில நேரம் மென்பொருள் இருக்கும் எஸ்டி கார்டு கெட்டுப்போய், பை எழுந்திருக்கவே மறுக்கும். இப்போது ரூட்டருக்கு இருக்கும் யூபிஎஸ்ஸிலேயே பையையும் மாட்டியாயிற்று. கார்டின் நகல் ஒன்று மேசை டிராயரில் எப்போதும் இருக்கும்.

தனித்தனியாக வைத்திருப்பதன் பலன் வருடங்கள் போகப் போகத்தான் தெரிகிறது. ஸ்ட்ரீமர் பக்கம் ஆப், அப்டேட், சேவைகள் என்று ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். டிஏசிக்கு அந்தக் கவலை இல்லை. ஈ30-க்குள் இருப்பது ஏகேஎம் நிறுவனத்தின் ஏகே4493 சிப். 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபெயோகாவில் அவர்களுடைய சிப் ஆலை தீப்பிடித்து, உலகம் முழுக்க டிஏசி தயாரிப்பே தடுமாறியது. அதற்குப் பிறகு எத்தனையோ புது மாடல்கள் வந்துவிட்டன, இதை மாற்ற எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஹார்ட் டிஸ்கில் சொந்தக் கோப்புகள் நிறைய இருந்தால் பை வழியைத் தயங்காமல் எடுங்கள். சந்தா சேவையில் மட்டும் கேட்பவர், பை ஓடும் லினக்ஸ் பக்கமே போக விருப்பமில்லாதவர் என்றால் விம் மினி மாதிரி ஒரு சின்ன ஸ்ட்ரீமரை ஆப்டிகலில் டிஏசியோடு இணைத்தால் போதும், பிற்பாடு ஸ்ட்ரீமரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.