சிலிக்கான் மார்பகமா, துணி மார்பகமா?

புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்த பிறகு, அந்த இடத்தை நிரப்ப உள்ளாடைக்குள் எதை வைப்பது? குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்காமார் பலருக்கு இதை டாக்டரிடம் கேட்கவே கூச்சம்.

எடை:
சிலிக்கான் கனம். அடுத்த பக்கத்துக்கு ஈடாக இருப்பதால் சட்டை ஒழுங்காக உட்காரும்.
துணி லேசு. கையைத் தூக்கினால் மேலே ஏறும். உள்ளாடையில் உள்பை தைத்துக்கொண்டால் நிற்கும்.

குளிர்:
ஊட்டியில் ஜனவரிக் காலையில் சிலிக்கானை மாட்டினால் சுரீர் என்றிருக்கும். கொஞ்ச நேரத்தில் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். சமவெளியில் படுத்தும் வியர்வைத் தொல்லை இங்கே குறைவு.
துணிக்கு மழைக்காலம்தான் எதிரி, துவைத்தால் காயாது. மாற்றி மாற்றி வைக்க இரண்டு துணி மார்பகம் வேண்டும்.

செலவு:
சிலிக்கான் ஆயிரக்கணக்கில். சேலைக்குக் குத்தும் ஊக்கு பட்டாலே ஓட்டை.
துணி மலிவு, வீட்டிலேயே தைக்கலாம்.

ஆபரேஷன் தையல் ஆறும்வரை, பொதுவாக 6 முதல் 8 வாரம், துணிதான். அப்புறம் டாக்டர் சரி என்றால், தேயிலை பறிக்கப் போகிறவருக்கும் நாள் முழுக்க வெளியே நிற்பவருக்கும் சிலிக்கான். வீட்டோடு இருப்பவருக்குத் துணியே போதும், விற்பவர் என்ன சொன்னாலும். ஒன்றுமே வைக்காமல் மேலே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போகிறவர்களும் உண்டு, அதிலும் தப்பில்லை.