திருவான்மியூர் டு கிண்டி: சைக்கிளில் வேலைக்குப் போய்வரும் அனுபவம்

திருவான்மியூரிலிருந்து கிண்டி தொழிற்பேட்டைக்குச் சில ஆண்டுகளாகச் சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். ஒரு பக்கம் ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர். வாங்க நினைப்பவர்கள் எல்லோரும் எந்த பிராண்ட், எத்தனை கியர் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுச் சாலைக்கு வருகிறேன். சைக்கிள் நீடிப்பதும் மூலையில் தூங்குவதும் சாலையைப் பொறுத்தது.

என்னுடையது ஏழு கியர் ஹைப்ரிட், அதாவது ரோடு சைக்கிளுக்கும் மலைச் சைக்கிளுக்கும் இடைப்பட்ட ரகம். சென்னை சமதரை என்பதால் கியர் இல்லாத சைக்கிளே போதும் என்பார்கள். காலையில் அது சரி. மாலையில் கிழக்கே திரும்பி வரும்போது கடற்காற்று முகத்தில் அடிக்கும்; கியரின் அருமை அப்போதுதான் தெரியும். மிக ஒல்லியான டயர் வேண்டாம், வடிகால் மூடியின் இடுக்கில் சிக்கிக்கொள்ளும். மட்கார்டும் கேரியரும் கட்டாயம். பையை முதுகில் மாட்டினால் அலுவலகம் சேர்வதற்குள் சட்டை தொப்பலாகிவிடும். கடல் பக்கம் குடியிருந்தால் செயினை அடிக்கடி துடைத்து எண்ணெய் விடுங்கள், உப்புக்காற்று இரும்பை விடாது. ஐப்பசி மழை தொடங்குமுன் பிரேக் கட்டையை மாற்றிவிடுவது என் பழக்கம். செலவைக் கேட்டால், பைக்கின் ஒரு மாதப் பெட்ரோல் காசில் சைக்கிளின் பல மாதப் பராமரிப்பு முடிந்துவிடுகிறது.

வெயில் நினைத்த அளவுக்குத் தொல்லை தரவில்லை. ஏழரை மணிக்குள் கிளம்பினால், சர்தார் படேல் சாலையில் ஐஐடி, கிண்டி தேசியப் பூங்கா பக்கத்து மரங்கள் நல்ல நிழல் தருகின்றன. சென்னையில் எனக்கு மிகப் பிடித்த சாலைத்துண்டு அது.

இனி, சந்திப்புகள். அடையாற்றிலிருந்து கிண்டி நோக்கிப் போகும்போது மத்திய கைலாஷ் சந்திப்பு வருகிறது. கட்டுமான வேலைகளால் தடம் அவ்வப்போது மாறினாலும் அடிப்படைச் சிக்கல் ஒன்றுதான். நேராகப் போகும் சைக்கிள்காரர் இடது ஓரத்தில் இருப்பார். இடப்பக்கம் பிரியும் ஓஎம்ஆருக்கு (பழைய மாமல்லபுரம் சாலை) திரும்பும் பஸ்ஸும் காரும் அவருக்கு வலப்பக்கத்திலிருந்து இடதுபுறம் வெட்டும். பஸ் டிரைவர் வலப்புறம் உட்கார்ந்திருக்கிறார். இடப்பக்கம் ஒட்டி நிற்கும் சைக்கிள் அவர் கண்ணில் படுவது கஷ்டம். அதனால் சந்திப்புக்கு நன்றாக முன்பே பின்னால் பார்த்து, கை காட்டி, தடத்தின் நடுவுக்கு வந்துவிடுகிறேன். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். பஸ்ஸின் இடப்பக்க இடுக்கில் மட்டும் எந்த அவசரத்துக்கும் நுழைவதில்லை.

இது சைக்கிள்காரரின் சாமர்த்தியத்துக்கு விடவேண்டிய விஷயமே கிடையாது. சிக்னலுக்குக் காத்திராமல் இடப்பக்கம் திரும்பவிடும் ஃப்ரீ லெஃப்ட்டை எடுத்துவிட்டு, மூலையின் வளைவை இறுக்கி, மற்ற வண்டிகளுக்கு முன்னால் சைக்கிளுக்கென்று தனி நிறுத்தக்கோடு போட்டால் திரும்புகிற வண்டி தானாக வேகம் குறையும். நெதர்லாந்தில் சந்திப்பின் மூலைகளில் சின்னத் திட்டுகள் கட்டி இதைச் செய்திருக்கிறார்கள். அந்த நாடும் பிறவியிலேயே அப்படி இல்லை. 1971-ல் அங்கே 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலை விபத்துகளில் இறந்தார்கள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள், 1973-ல் எண்ணெய் நெருக்கடியும் வந்தது. அப்புறம்தான் சாலைகள் மாறத் தொடங்கின.

அடுத்தது வேகம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரின் மோதல் ஆற்றல் 30-இல் வருவதைப் போல நான்கு மடங்கு. இதை உடம்பே உணரும். 2019-இல் புதுப்பித்த தி.நகர் பாண்டி பஜாருக்குப் போய்ப் பாருங்கள். நடைபாதையை அகலப்படுத்தி, வண்டித் தடத்தைக் குறுக்கியதில் கார்கள் மெல்லத்தான் நகர முடிகிறது. அங்கே சைக்கிள் ஓட்டும்போது தோள் இறுக்கமே தளர்ந்துவிடுகிறது. வெள்ளைக்கோடு மட்டும் போட்ட சைக்கிள் தடத்தில் அந்த நிம்மதி எனக்குக் கிடைத்ததில்லை. காலை பத்து மணிக்குள் அதன்மேல் கார் நிற்கும்; அதைச் சுற்றிப் போக நடுச்சாலைக்கு வரவேண்டும்.

நின்ற காரின் கதவும் ஆபத்துதான். ஓட்டுநர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கதவை இடது கையால் திறந்து பழகுங்கள். உடம்பு திரும்பும், கண் தானாகப் பின்னால் பார்க்கும்.

போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்க வேண்டும் என்று சென்னை மாநகராட்சி 2014-லேயே கொள்கை வகுத்தது. இந்தியாவில் அப்படித் துணிந்த ஊர்கள் மிகக் குறைவு, அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் தினமும் போகும் வழியில் நடைபாதைகளைப் பார்க்கிறேன், சைக்கிளுக்கென்று ஓர் அடி இடத்தையும் பார்க்கவில்லை. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அரசு கொடுத்த சைக்கிளில் போகும் பிள்ளைகளும் இதே ஃப்ரீ லெஃப்ட்டைத்தான் தாண்டுகிறார்கள். சைக்கிளைக் கொடுத்த கை, அதை ஓட்டப் பாதையும் கொடுக்க வேண்டாமா?

யாருக்குப் பரிந்துரைப்பேன்? அலுவலகம் பத்து கிலோமீட்டருக்குள், உள்தெரு வழியும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். எல்.பி. ரோட்டை விட்டு இந்திரா நகர், கஸ்தூர்பா நகர் தெருக்கள் வழியே போவதால்தான் என்னால் இதைத் தொடர முடிந்தது. வேறு வழியில்லாமல் ஓஎம்ஆர் முழுக்க ஓட்டியாக வேண்டியவர்களை இன்றைய நிலையில் நான் வற்புறுத்த மாட்டேன். வாங்குமுன் ஒரு ஞாயிறு காலையில் யாரிடமாவது சைக்கிள் இரவல் வாங்கி, உங்கள் வழியை முழுசாக ஓட்டிப் பாருங்கள். அடுத்து அதே வழியில் வேலை நாள் காலை ஒன்பது மணிக்கு ஒருமுறை. எந்த மாடல் என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.