தெருவெல் மலைச்சாலைகளில் சைக்கிள்: சில வருட அனுபவம்

ஸ்பெயினில் சைக்கிள் என்றதும் எல்லாரும் மயோர்க்கா, ஹிரோனா என்றுதான் ஆரம்பிப்பார்கள். இரண்டும் நல்ல இடங்கள்தான். ஆனால் வண்டிச் சத்தம் அதிகம் கேட்காமல் ஒரு முழுக் காலையும் மிதிக்க வேண்டுமென்றால் என் ஓட்டு தெருவெல் மாகாணத்துக்கு. அரகோன் பகுதியின் தெற்கே, சரகோசாவுக்கும் வலென்சியாவுக்கும் நடுவில் மலைமேல் இருக்கிறது. பரப்பளவு ஏறக்குறைய 14,800 சதுர கிலோமீட்டர். ஆட்களைக் கணக்கெடுத்தால் சதுர கிலோமீட்டருக்கு 9 பேர். போன நூற்றாண்டில் பிழைப்புத் தேடி பார்சலோனாவுக்கும் வலென்சியாவுக்கும் போனவர்களில் பெரும்பாலோர் திரும்பி வரவே இல்லை. ஊர்களை இணைத்த தார்ச்சாலைகள் மட்டும் நல்ல நிலையில் இருக்கின்றன. சில வருடங்களாக வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அங்கே போய்வருகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது A-1702 சாலை. வடக்கே கார்கால்யோ ஊருக்குப் பக்கத்திலிருந்து தெற்கே காந்தாவியேஹா வரை 63 கிலோமீட்டர். சுற்றுலாவுக்காக ‘தி சைலன்ட் ரூட்’ என்று பெயர் வைத்துப் பலகையும் நட்டிருக்கிறார்கள். எஹுல்வே என்ற சின்ன ஊரைத் தாண்டியதும் மஹலினோஸ் கணவாய்க்கு ஏற்றம் தொடங்கும். உச்சி 1,450 மீட்டர். ஏற்றம் கடுமையில்லை, ஆனால் விடாது. 2009 ஜூலையில் இந்தப் பக்கத்துக் காடு பெருந்தீயில் எரிந்தது. அந்தச் சரிவுகளில் பெரிய மரம் குறைவு, நிழலும் குறைவு. வெயில் நாளில் இந்த ஏற்றத்தைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

உச்சியைத் தாண்டி இறங்கும்போது ஓர்கனோஸ் தெ மொந்தோரோ தெரியும். சுண்ணாம்புப் பாறை அடுக்குகள் செங்குத்தாக நிமிர்ந்து, தேவாலய ஆர்கனின் குழாய்களை வரிசையாக நிறுத்தியதுபோல நிற்கின்றன. கழுகுகள் உட்காரும் இடுக்குகளில் வெள்ளை எச்சம் வழிந்து காய்ந்திருக்கும். நான் ஒவ்வொரு முறையும் இங்கே சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்காருவேன். பாறையை விட்டுக் கிளம்பும் கழுகு இறக்கையை அசைப்பதே இல்லை. வெயிலில் சூடாகி மேலேறும் காற்றில் வட்டம் போட்டுத் தலைக்கு மேலே வந்துவிடும். கீழே குவாதலோபே ஆற்றின் பள்ளத்தாக்கு. அங்கிருந்து வில்யார்லுயெங்கோவுக்கு மறுபடி ஏற வேண்டும். ஊர் பாறை விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. 200 பேர்கூட இல்லாத ஊர், ஆனால் தேவாலயம் இரட்டைக் கோபுரத்தோடு கம்பீரமாக நிற்கும்.

சாலையின் தரம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். குழி அபூர்வம். ஆனால் பல இடங்களில் தாரின் மேல் ஜல்லித்தூள் பதித்த சொரசொரப்பான பரப்பு. நாள் முழுக்க ஓட்டினால் உள்ளங்கை மரத்துப்போகும். ஒல்லி டயரிலிருந்து 32 மி.மீ. டயருக்கு மாறிய பிறகு எனக்கு அந்தத் தொல்லை போய்விட்டது. கியரில் மிதிகட்டைப் பக்கச் சிறிய பல்சக்கரத்துக்கு 34 பல், பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்துக்கு 34 பல் வைத்திருக்கிறேன். பையோடு ஏறுகிறவர்களுக்கு இதற்கு மேல் கடினமாக வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். டிஸ்க் பிரேக் இருந்தால் இறக்கத்தில் கை வலிக்காது.

கார்க்காரர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், அவர்கள் அவ்வளவு நல்லவர்கள். சைக்கிளைத் தாண்டும்போது குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது ஸ்பெயின் சட்டம். எதிரே வண்டி இல்லாமல் பாதுகாப்பாக இருந்தால், அதற்காகச் சாலை நடுவிலுள்ள தொடர்கோட்டைத் தாண்டிப் போகவும் அனுமதி உண்டு. இருவர் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டலாம். ஆனால் சட்டத்தால் மட்டும் வரும் பொறுமை இல்லை இது. வளைவில் ஆடு ஏற்றிய வேன் ஒன்று என் பின்னால் நடை வேகத்தில் வெகுநேரம் வந்தது. நேர்ச்சாலை வந்ததும் மறுபக்கம் முழுக்க ஒதுங்கித் தாண்டி, ஜன்னலில் கையைக் காட்டிவிட்டுப் போனார் ஓட்டுநர். ஊருக்கு வெளியே ஹெல்மெட் கட்டாயம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வார இறுதியில் கதை வேறு. சைலன்ட் ரூட்டுக்குப் பெயர் பரவியதிலிருந்து மோட்டார் பைக் கூட்டம் சனி, ஞாயிறுகளில் வருகிறது. மே, ஜூன், செப்டம்பரில் அது அதிகம். செவ்வாய் முதல் வியாழன் வரை போனால் அந்தப் பிரச்சினையே இல்லை. ஏன் திங்கட்கிழமையைச் சொல்லவில்லை என்றால், அதற்குச் சாப்பாடுதான் காரணம்.

இந்தப் பக்கம் பயணத்தைக் கிலோமீட்டரை வைத்துத் திட்டமிட்டால் சிரமப்படுவீர்கள். எந்த ஊரில், எந்தக் கிழமையில், எத்தனை மணிவரை பார் திறந்திருக்கும் என்பதுதான் இங்கே கணக்கு. ஆள் இல்லாததால்தான் சாலை அமைதியாக இருக்கிறது. ஆள் இல்லாத ஊரில் கடையும் இருக்காது. எஹுல்வேயை விட்டால் வில்யார்லுயெங்கோ வரை மளிகைக்கடை என்று ஒன்று கிடையாது. பல ஊர்களில் ‘முல்த்திசெர்விசியோ’ என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஊராட்சிக் கட்டடத்தில் ஒரு குடும்பம் பார், மளிகை, சில இடங்களில் தங்கும் அறை எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் நடத்தும். அப்படி ஒன்றில் மதியம் நுழைந்தேன். ஒரு பக்கம் காபி மெஷின், மறுபக்க அலமாரியில் சூரைமீன் டப்பா, சோப்புத்தூள், டார்ச் பேட்டரி. கல்லாவுக்குப் பின்னால் பன்றித் தொடை தொங்கியது. தோலில் எட்டுமுனை நட்சத்திரமும் ‘தெருவெல்’ என்ற பெயரும் சூட்டுமுத்திரையாக இருந்தன. கல்லாவில் இருந்த அம்மா ரொட்டியைப் பிளந்து, தக்காளியைத் தேய்த்து, எண்ணெய் விட்டு, தொடையைக் கத்தியால் மெல்லிசாகச் சீவி அடுக்கிக் கொடுத்தார். நாளைக்கும் திறப்பீர்களா என்று கேட்டேன். “நாளைக்குத் திங்கள், விடுமுறை. ரொட்டி வேண்டுமென்றால் இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார். இரண்டு ரொட்டி வாங்கிக் கட்டிக்கொண்டேன். மறுநாள் மாலைவரை வேறெங்கும் எதுவும் கிடைக்கவில்லை, அந்த ரொட்டிதான் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அதனால் ஒரு வேண்டுகோள். எல்லாவற்றையும் நகரத்து சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிப் பையில் அடைத்துக்கொண்டு போகாதீர்கள். அவசரத்துக்குக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை இந்த ஊர்களில் வாங்குங்கள். காபியோ சாப்பாடோ அங்கேயே முடியுங்கள். இந்தக் கடைகள் மூடினால் அங்கே இருக்கும் வயதானவர்களுக்குப் பால் வாங்கக்கூட இடமில்லை.

தண்ணீருக்கு ஊர்ச் சதுக்கத்துக் குழாயைத்தான் நம்பியிருப்போம். ‘அக்வா போத்தாப்லே’ என்று எழுதியிருந்தால் குடிக்கலாம். முன்னால் ‘நோ’ இருந்தால் குடிக்கக் கூடாது. ‘நோ திராத்தாதா’ என்றால் சுத்திகரிக்காத ஊற்றுநீர். ஊர்க்காரர்கள் குடிப்பார்கள், நான் குடிப்பதில்லை. எப்போதும் இரண்டு பாட்டில் நிரம்ப வைத்திருங்கள். மதிய உணவு இரண்டு மணிக்கு, இரவு உணவு ஒன்பதுக்கு. நம் வயிறு அதற்குப் பழகச் சில நாளாகும். செல்போன் சிக்னல் பள்ளத்தாக்குகளில் இருக்காது, வரைபடத்தை முன்பே இறக்கிவைத்துக்கொள்ள வேண்டும்.

குளிரை யாரும் குறைத்து எடைபோட வேண்டாம். இது வெயில் நாடு என்ற நினைப்பில் வருகிறவர்களுக்கு மே மாதக் காலையில் ஐந்து டிகிரி அதிர்ச்சியாக இருக்கும். சாலையோரம் உயரமான கம்பங்கள் நட்டிருப்பது பனிக்காலத்தில் சாலையின் விளிம்பு தெரிவதற்காக. முழுவிரல் கையுறையும் காற்றுச் சட்டையும் எல்லா மாதமும் என் பையில் இருக்கும். கோடையில் பிற்பகல் இடிமழை சகஜம். இரண்டு மணிக்குள் அன்றைய கடைசி உச்சியைத் தாண்டிவிடுவது என் வழக்கம். ஆட்டு மந்தையைக் காக்கும் மாஸ்தின் நாய்கள் உருவத்தில் பெரியவை. சைக்கிளை விட்டு இறங்கி, மந்தைக்கும் உங்களுக்கும் நடுவில் சைக்கிளை வைத்து மெதுவாக நடந்தால் ஒன்றும் செய்யாது.

புதுச்சாலை தேடும்போது சாலை எண்பலகையின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு தேசியச் சாலை. ஆரஞ்சு, பச்சை, மஞ்சள் என்று போகப் போகச் சாலை சின்னது. மஞ்சள் பலகைச் சாலை அநேகமாக ஏமாற்றாது. அல்பர்ராசின் பக்கம் A-1512-ம் நல்ல சாலை. அல்பர்ராசின் ஊர்வரை சுற்றுலாக் கார்கள் இருக்கும், அதைத் தாண்டினால் பைன் காடுதான். தார் வேண்டாம், ஏற்றமும் வேண்டாம் என்பவர்களுக்கு ஓஹோஸ் நெக்ரோஸ் சுரங்கத்திலிருந்து சகுந்தோ துறைமுகத்துக்கு இரும்புத்தாது ஏற்றிய பழைய ரயில் பாதை இருக்கிறது. சரிவு மென்மை. ஆனால் நிறையப் பகுதி மண்பாதை, எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடில்லை.

மூன்று நாள்தான் கிடைக்கும் என்றால் இப்படிச் செய்யுங்கள். ரயிலில் சைக்கிளுக்கு இடம் மிகக் குறைவு, அதை முன்பதிவு செய்துகொண்டு திங்கள் மாலை தெருவெல் போய்ச் சேருங்கள். செவ்வாய் A-226 பிடித்தால் சுமார் 90 கிலோமீட்டரில் காந்தாவியேஹா. வழியில் 1,600 மீட்டர் உயரத்தை ஒட்டிய கணவாய்கள் வரும், நிதானமாக ஏறுங்கள். தங்குவதற்கு இரண்டு இரவும் அங்கேயே, அறையை முன்பே சொல்லிவையுங்கள். புதன் முழுக்க சைலன்ட் ரூட்டுக்கு: ஓர்கனோஸ் வரை போய்த் திரும்பலாம், திரும்பும் ஏற்றத்துக்குக் கால் பலத்தைச் சேமித்துவையுங்கள். வியாழன் வந்த வழியே தெருவெலுக்கு. வில்யார்லுயெங்கோ பாரில் மதியம் சாப்பிடத் திட்டமிட்டிருந்தால், முதல்நாளே போன் போட்டுத் திறந்திருக்குமா என்று கேட்டுவிடுங்கள்.