7,200 ரூபாய்க்கு ஓசி டென்னிஸ் கோர்ட்: சென்னைக்காரர்களே, உஷார்!

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 7,200 ரூபாய் போயிற்று. மைதானங்களை மணிக்கணக்கில் புக் செய்து தரும் ஆப் ஒன்றில். பெயர் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள், அதனால் பெயர் இல்லை. சென்னையில் உருப்படியான பொது டென்னிஸ் கோர்ட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

மகளுக்கு 12 வயது, இடது கைக்காரி. கோச்சிங் போக, பள்ளிக்கு முன்னால் ஒரு மணி நேரம் சர்வ், அதாவது ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் அடி, போட்டுப் பழக இடம் தேவை. நுங்கம்பாக்கம் ஸ்டேடியம் இருக்கிறதே என்பீர்கள். 1997 முதல் 2017 வரை ஏடிபி என்கிற சர்வதேச ஆண்கள் டென்னிஸ் போட்டி நடந்த இடம், யார் இல்லையென்றது? நாங்கள் இருப்பது வேளச்சேரி தாண்டி. அங்கே போய் ஆடிவிட்டு ஸ்கூல் பெல் அடிப்பதற்குள் திரும்புகிற காரியமா? கிளப் பக்கம் போனால் உறுப்பினர் கட்டணத்தைக் கேட்டே தலை சுற்றும். அப்போதுதான் இந்த ஆப்பில், வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பொது கோர்ட். நீலத் தளம், பளிச்சென்று வெள்ளைக் கோடு, நான்கு மூலையிலும் விளக்கு.

விசாரிக்கலாம் என்று நம்பரைக் கொடுத்ததும் ஒரு பையன் கூப்பிட்டான். வழக்கமான விற்பனைப் பேச்சாக இருந்திருந்தால் வைத்திருப்பேன். அவன் கேட்ட முதல் கேள்வியே, "பாப்பா ரைட்டா லெஃப்டா மேடம்?" லெஃப்ட் என்றேன். "அப்போ காலைல தெற்குப் பக்கம் நின்னு சர்வ் போடச் சொல்லுங்க. வெயில் முதுகுக்குப் பின்னால போயிடும். நம்ம கோர்ட் சரியா வடக்கு தெற்கா இருக்கு" என்றான். டென்னிஸ் தெரிந்தவர்களுக்கு இது புரியும்: இடது கைக்காரி தெற்கில் நின்று சர்வ் போடப் பக்கவாட்டில் திரும்பினால் முதுகு கிழக்கே இருக்கும். பந்தைத் தூக்கிப் போட்டு அண்ணாந்து பார்க்கும்போது கண்ணில் வெயில் அடிக்கக் கூடாது, அதற்காகத்தான் கோர்ட்டையே வடக்கு தெற்காகப் போடுகிறார்கள். ஆடிய பையன் போலிருக்கிறது, ஏமாற்ற மாட்டான் என்று தோன்றியது. மூன்று மாதத்துக்குக் காலை 6 முதல் 7 வரை ஸ்லாட், 7,200 ரூபாய், அன்று இரவோடு ஆஃபர் முடிகிறது. ஜிபேயில் போட்டுவிட்டேன்.

மறுநாள் போய்ப் பார்த்தால் அது ஒரு பூங்காவுக்குள் இருக்கும் சிமெண்ட் தளம். பெயிண்ட் உரிந்து, பேஸ்லைன் என்கிற கோர்ட்டின் கடைசிக் கோட்டுக்குக் குறுக்கே விரல் நுழைகிற அளவுக்கு விரிசல். நெட் நடுவில் தொப்பை போட்டுத் தொங்குகிறது. பேஸ்லைனுக்குப் பின்னால் நாலு எட்டு வைத்தால் கம்பி வேலி. டென்னிஸ் பந்து என்னவோ இருந்தது, அதை வைத்துப் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கோர்ட் கிழக்கு மேற்கு! மகள் பந்தைத் தூக்கிப் போட்டாள், சூரியன் நேராக முகத்தில். கண்ணை மூடிக்கொண்டு ராக்கெட்டை இறக்கிவிட்டாள்.

ரசீதைக் காட்டியதும் வாட்ச்மேன் சிரித்தார். "யாரும்மா உங்ககிட்ட காசு வாங்குனது? இது பொது எடம். யார் வேணா வந்து ஆடலாம்." ஓசியில் கிடக்கும் இடத்தை எனக்கு 7,200 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள்!

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. சாட்டில் போனால், "உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம்" என்று தானாகப் பதில் சொல்லும் ஒரு சாட்பாட். போனில் போனால், "நாங்க வெறும் பிளாட்ஃபார்ம் மேடம், வென்யூ பார்ட்னரைக் கேளுங்க." பார்ட்னர் நம்பர் ஸ்விட்ச்டு ஆஃப். மறுபடி கூப்பிட்டால் வேறொரு பெண்: "உங்க ஸ்லாட் ஸ்டார்ட் ஆயிடுச்சே, ரீஃபண்ட் பாலிசியில வராது." வடக்கு தெற்கு சொன்ன பையனைப் பற்றிக் கேட்டேன். அப்படி யாரும் இங்கே இல்லையாம். புகாருக்காக ஸ்க்ரீன்ஷாட் எடுக்கும்போதுதான் கவனித்தேன், கோர்ட் படத்துக்குப் பின்னால் மேகம் தவழும் மலை. வேளச்சேரிக்குப் பக்கத்தில் மலை என்றால் பரங்கிமலைதான், அதில் மேகம் தவழ்ந்து நான் பார்த்ததில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தாயிற்று. 2020 இ-காமர்ஸ் விதிப்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். குறைதீர் அதிகாரியின் பெயரையும் போட்டிருக்க வேண்டும். இந்த ஆப்பில் அந்தப் பக்கமே திறக்கவில்லை.

கோர்ட் தேடுவது பற்றி விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்கெல்லாம் பொறுமை இல்லை. நீங்கள் ஆடப்போகும் அதே நேரத்தில் நேரில் போய்ப் பாருங்கள், வெயில் எந்தப் பக்கம் என்று தெரியும். ராக்கெட்டை நெட் நடுவில் நிமிர்த்தி வைத்து, அதன் மேல் இன்னொன்றின் தலையைக் குறுக்கே வையுங்கள்; ஏறக்குறைய மூன்றடி வரும், நெட் அந்த உயரத்தில் இருக்க வேண்டும். மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்தும் தண்ணீர் தேங்கி நின்றால் அந்த இடம் வேண்டாம். பூங்கா என்றால் முதலில் வாட்ச்மேனைக் கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மட்டும் காசு கட்டுங்கள், மாதக்கணக்கில் வேண்டவே வேண்டாம்.

நேற்று என் ஆப் வாலட்டில் 500 'காயின்' போட்டிருக்கிறார்கள், 7,200 ரூபாய்க்குப் பதிலாக! கூடவே வந்த மெயிலின் அடியில் பொடி எழுத்தில், காயினைப் பயன்படுத்தினால் புகார் முடிந்ததாகக் கருதப்படும் என்று இருக்கிறது. உங்களுக்கும் வந்தால் தொடாதீர்கள்.