டவரை லாரியிலிருந்து கொல்லைக்குக் கொண்டுபோக: ஹைட்ராவா, ஆளா, செயின் பிளாக்கா?

என் வீடு சேலம் கண்ணங்குறிச்சியில், மூக்கனேரிக்கு நடந்தே போய்விடலாம். போன வருஷம் கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒருவர் இடத்தைக் காலி செய்கிறார் என்று தெரிந்து, அவரிடமிருந்த பழைய 18 மீட்டர் டவரை எடைக்கு வாங்கினேன். ஹாம் ரேடியோக்காரர்களுக்கு (பொழுதுபோக்காக வானொலியில் ஊர் உலகத்தோடு பேசுகிறவர்கள்) இது ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக ஒரு வரி: 14 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவைச் சமதரையில் 10 மீட்டர் உயரத்தில் வைத்தால் அலையின் பெரும்பகுதி சுமார் 32 டிகிரி சாய்வில் மேலே ஏறும், அதையே 18 மீட்டருக்குக் கொண்டுபோனால் சுமார் 17 டிகிரிக்குத் தாழும், தாழ்ந்து போகிற அலைதான் கடல் தாண்டிப் போய்ச் சேரும்.

டவரை நிமிர்த்துவது பற்றி இங்கே பேசப்போவதில்லை. லாரியில் வந்த பாகங்களைக் கீழே இறக்கி, அஸ்திவாரம் போட்ட இடம் வரை எப்படிக் கொண்டுபோவது என்பது மட்டும்தான். அந்த ஒரே டவரை ஹைட்ரா என்ற சக்கர கிரேனிலும் தூக்கினேன், ஆள் வைத்தும் தூக்கினேன், கையால் சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் செயின் பிளாக்கிலும் தூக்கினேன், எல்லாம் ஒரே நாளில். அதற்குப் பிறகு ஏற்காட்டில் ஒரு நண்பர் வீட்டில் இன்னொரு டவரை இறக்கிய அனுபவமும் இருக்கிறது.

முதலில் எடை. விற்பவர் சொல்வதை நம்பாமல் நீங்களே கணக்குப் போடுங்கள், கஷ்டமில்லை. என்னுடையது முக்கோண டவர், 6 மீட்டர் நீளத்தில் மூன்று பாகம். கீழ்ப்பாகத்துக்கு இரண்டு அங்குலக் குழாய் மூன்று கால், மீட்டருக்கு 5 கிலோ, ஆக 18 மீட்டருக்கு 90 கிலோ. குறுக்குக் கம்பி 16 மில்லி. கம்பியின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுக்கும் கணக்கு கட்டட வேலைக்காரர் எல்லோருக்கும் தெரியும், மீட்டருக்கு 1.58 கிலோ வரும், சுமார் 36 மீட்டர் கம்பிக்கு 57 கிலோ. பாகங்களை ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைக்கும் ஃபிளாஞ்ச் தகடுகளையும் சேர்த்தால் ஒரு பாகம் 160 கிலோவைத் தொடும். நடுப்பாகமும் அதே அளவு, மேல்பாகம் மட்டும் நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. மொத்தம் 420, 430 கிலோ.

இந்த 160 கிலோவில்தான் குழப்பமே. கிரேன் கூப்பிட இது சின்ன எடை, அதனால் "ஆறு பேர் இருந்தா போதும் சார், தோள்லயே போயிடும்" என்பார்கள். எனக்கும் கணக்கு சரியாகத்தான் பட்டது, ஆளுக்கு 27 கிலோ, ஒரு அரிசி மூட்டை அளவுதான்.

கொண்டலாம்பட்டியில் ஏற்றியது ஹைட்ரா வைத்து. திறந்த இடம், மேலே கம்பி இல்லை, இருபது நிமிஷத்தில் மூன்று பாகமும் லாரியில் ஏறிவிட்டன. அந்த வேகத்துக்கு ஈடே கிடையாது. ஆனால் ஒரு விஷயத்தை அங்கேயே கவனித்தேன். ஆபரேட்டர் இரும்புக் கயிற்றை நேராகக் குறுக்குக் கம்பியில் மாட்டப்போனார், நான் தடுத்து, நைலான் பெல்ட்டை மூன்று குழாயையும் சேர்த்துச் சுற்றி, குறுக்குக் கம்பி வந்து சேரும் முட்டிகளில் போடச் சொன்னேன். இரும்புக் கயிறு துத்தநாகப் பூச்சைச் சுரண்டிவிடும், சுரண்டிய இடத்தில் நாளடைவில் துரு கண்ணைக் காட்டும். இன்னொன்று, ஒரே கொக்கியிலிருந்து இரண்டு பெல்ட் பிரியும்போது பெல்ட் குட்டையாக இருந்தால் ரொம்பப் படுத்துவிடும். கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் இரண்டு பெல்ட்டும் எடையைப் பங்கு போட்டுக்கொள்ளாது, ஒவ்வொன்றிலும் முழு எடை அளவுக்கு இழுவை வரும், குழாயையும் உள்நோக்கி நெரிக்கும். 60 டிகிரிக்குக் குறையாமல் வைக்க நீளமான பெல்ட் கேளுங்கள்.

சரி, ஹைட்ராவையே வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே என்றால், எங்கள் தெரு பன்னிரண்டு அடி அகலச் சந்து. பெரும்பாலான ஹைட்ராவில் பூம் பக்கவாட்டில் சுழலாது, நீளும், ஏறும், இறங்கும், அவ்வளவுதான். சுமையைப் பக்கத்தில் வைக்க வேண்டுமென்றால் வண்டியே திரும்ப வேண்டும், பன்னிரண்டு அடிச் சந்தில் அது திரும்பவே திரும்பாது. மேலே மின்கம்பி வேறு. மின்கம்பிக்குப் பக்கத்தில் பூமை ஏற்றுவது என்ற பேச்சே வேண்டாம், குறைந்தது 3 மீட்டர் விலகியிருக்க வழியில்லை என்றால் ஹைட்ராவை மறந்துவிடுங்கள். எல்லாம் தாண்டி அது வந்தாலும் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டுப் போய்விடும், கேட்டிலிருந்து கொல்லை வரை இருக்கும் நாற்பத்தைந்து அடிக்கு அப்புறமும் வேறு வழி தேட வேண்டும். குறைந்தபட்ச வாடகை நான்கு மணி நேரம் என்று என்னிடம் கேட்டார்கள், வேலை இருபது நிமிஷம்தான் என்றாலும்.

அதனால் வீட்டில் இறக்க ஆறு பேர். இதை எழுதும்போது இப்போதும் மனசு கனக்கிறது. முதல் பாகத்தை நன்றாகத்தான் தோளில் எடுத்தார்கள். கேட்டில் திரும்பும்போது முன்னால் போனவர் சாக்கடை மேல் போட்டிருந்த சிலாப்பில் கால் வைத்தார், அது தரையைவிட அரை அடி பள்ளம். ஆறு மீட்டர் இரும்பு வளையாது. முன்னால் இருப்பவர் அரை அடி இறங்கினால் அவர் தோளிலிருந்து சுமை விலகிவிடும், அவருடைய பங்கு அந்தக் கணத்திலேயே அடுத்தவர்கள் மேல் போய்விடும். ஆளுக்கு 27 கிலோ என்ற கணக்கு சமதரையில் மட்டும்தான். நடுவில் இருந்த இரண்டு பேர் மேல் ஏறக்குறைய முழு பாரமும் வந்தது, "விடாத, விடாத" என்று சத்தம், அதற்குள் ஒருவர் தோள் சரிந்துவிட்டது. ஃபிளாஞ்ச் மூலை தரையில் இடித்து, ஒருவருடைய கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. செருப்பு மட்டும்தான் போட்டிருந்தார், ஷூ வாங்கித் தராதது என் தவறு. அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டு, ஒரு வாரக் கூலியும் கொடுத்தேன்.

டவருக்கும் அடிதான். இரண்டு குறுக்குக் கம்பி வில் மாதிரி வளைந்துவிட்டது, ஃபிளாஞ்ச் தகடு மடங்கி போல்ட் துளை நாலு மில்லி விலகிவிட்டது. தரையில் நாலு மில்லி ஒன்றுமில்லை, ஆறு மீட்டர் உயரத்தில் இடுப்பில் பெல்ட் கட்டித் தொங்கிக்கொண்டு அடுத்த பாகத்தைப் பொருத்தும்போது அந்த நாலு மில்லியில் போல்ட் இறங்காது. லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்த் தகட்டை மாற்ற வேண்டியதாயிற்று. நாளைக்கு விற்கப்போனாலும், வளைந்த கம்பி ஒன்று கண்ணில் பட்டால் வாங்குகிறவர் அதைப் பழைய இரும்பாகத்தான் பார்ப்பார்.

இன்னும் இரண்டு பாகம் லாரியிலேயே இருக்கிறது, தூக்க வந்தவர்களுக்கும் மனசு விட்டுப்போய்விட்டது, நான் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் எங்கள் தெருவில் போர்வெல் மோட்டார் தூக்கும் அண்ணன் ஒருவர், தன் முக்காலியையும் (மூன்று நீளக் குழாயை மேலே சேர்த்துக் கட்டியது) ஒரு டன் செயின் பிளாக்கையும் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்தார். "இருநூறடி குழாயோட மோட்டார இதுலதான் தூக்கறோம், இது என்னத்துக்கு ஆவும்" என்றார். வந்ததும் அவர் செய்த முதல் காரியம், மீதிப் பாகத்தை நாலு விரல்கடை தூக்கிவிட்டு, கைச்சங்கிலியை விட்டுவிட்டு, தள்ளிப்போய் நின்று தண்ணீர் குடித்ததுதான். பாகம் அப்படியே நின்றது.

செயின் பிளாக்கை நான் தேர்ந்தெடுப்பதற்கு ஒரே காரணம் இதுதான், நடுவில் நிறுத்தலாம். மற்ற இரண்டிலும் அது இல்லை. தோளில் எடுத்துவிட்டால் வைக்கிற இடம் வரும்வரை யாரும் நிற்க முடியாது, நின்றால் இன்னும் கனக்கும், யோசிக்க நேரமே கிடைக்காது. ஹைட்ராவில் நிறுத்தலாம், ஆனால் மணிக்கணக்கு ஓடுகிறது, வண்டி அசைந்தால் சுமையும் ஆடும், முடிவெடுப்பது ஆபரேட்டர், நீங்கள் கீழே நின்று கை காட்டுகிறீர்கள். செயின் பிளாக்கில் உள்ளே ஒரு பிரேக் இருக்கிறது, தொங்குகிற எடையே அந்தப் பிரேக் தட்டுகளை இறுக்கிப் பிடிக்கும், ஒரு பல்சக்கரமும் நாக்கும் பின்னால் ஓடவிடாமல் தடுக்கும். தூக்கும்போது கேட்கிற டிக் டிக் சத்தம் அந்த நாக்குதான். இறக்க வேண்டுமென்றால் நீங்கள் சங்கிலியை எதிர்ப்பக்கம் இழுத்தால்தான் இறங்கும், கையை எடுத்தால் நின்றுவிடும். ஒவ்வொரு அரை அடிக்கும் நிறுத்தி, பெல்ட் நழுவுகிறதா, முக்காலிக் கால் புதைகிறதா, ஃபிளாஞ்ச் எங்கே இடிக்கப்போகிறது என்று சுற்றி நடந்து பார்க்கலாம். என் டவரின் முதல் பாகத்தில் அந்த அரை நிமிஷம் கிடைத்திருந்தால் யாருக்கும் நகம் போயிருக்காது.

இறக்கும் முறையில் ஒரு நல்ல யுக்தியும் இருக்கிறது. சுமையை லாரியிலிருந்து வெளியே இழுக்கவே வேண்டாம், சுமையைக் கொஞ்சம் தூக்கிவிட்டு லாரியை முன்னால் எடுத்துவிட வேண்டியதுதான். லாரி இரண்டு பக்கமும் உரசாமல் போக முக்காலியின் ஒரு கால் ஒரு பக்கமும் இரண்டு கால் மறுபக்கமும் வர வேண்டும். பதினைந்து அடிக் குழாய் இருந்தால் தாராளம். கால்கள் விரியாமலிருக்க ரோட்டோர மண்ணில் முக்கால் அடிக் குழி. பின்கதவைத் திறந்துவிட்டு, பாகத்தை அரை அடி தூக்கி, இரண்டு முனையிலும் கயிறு கட்டி இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, டிரைவர் மெதுவாக முன்னால் எடுத்தார். லாரி போனதும் பாகம் தெரு நடுவில் தொங்கியது, கீழே கட்டை போட்டு இறக்கினோம். அடியில் யாரும் போகக்கூடாது, எவ்வளவு நல்ல பிளாக்காக இருந்தாலும் சரி.

கேட்டிலிருந்து கொல்லைக்கு நான்கு அடி அகலச் சந்துதான். இரண்டு அங்குலக் குழாய்த் துண்டு நாலு போட்டு, பாகத்தின் இரண்டு கால் அதன் மேல் படுக்கும்படி வைத்து, நானும் மச்சானும் தள்ளியே கொண்டுபோய்விட்டோம். செயின் பிளாக்கைப் படுக்கைவாட்டில் இழுக்கப் பயன்படுத்தாதீர்கள், கைச்சங்கிலி சக்கரத்தில் சிக்கும், அதற்குக் கைப்பிடியை ஆட்டி இழுக்கும் லிவர் பிளாக்தான் சரி. கொல்லைக்கு ஏறும் ஒன்றரை அடிப் படியில் மட்டும் மறுபடி முக்காலி. பாதி தூக்கியபோது மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து மழை பிடித்துவிட்டது, அடியில் கட்டை அடுக்கி, பாரத்தைக் கட்டையில் உட்கார வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் மீதி. சுமையைச் சங்கிலியிலேயே தொங்கவிட்டுப் போகக்கூடாது, ஆனால் கட்டை கொடுக்கும்வரை அது காத்திருக்கும்.

ஏற்காட்டில் இதே முறையை இரண்டு முக்காலி, இரண்டு பிளாக் வைத்துச் செய்தோம். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி லாரி வரும்போதே கட்டிய பெல்ட் தளர்ந்திருக்கும், இறக்குவதற்கு முன் பாகம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு அவிழ்க்க வேண்டும். இரண்டு பிளாக் இருந்தால் பெல்ட் செங்குத்தாக நிற்கும், படுக்கிற பிரச்சினையே இல்லை. முனையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உள்ளே தள்ளி முட்டியில் கட்டினால் பாகம் நடுவில் தொய்யாமல் நிற்கிறது. இரண்டு பேரும் ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும் என்பதால் என் நண்பர் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இருந்தார். சில்வர் ஓக் மரத்தில் கட்டித் தூக்கலாமே என்று ஒருவர் சொன்னார், சரிவில் நிற்கும் மரத்தின் வேர் எவ்வளவு பிடிமானம் என்று வெளியிலிருந்து தெரியாது, நாங்கள் செய்யவில்லை.

ஜேசிபி பக்கெட்டில் சங்கிலி மாட்டித் தூக்குவதைப் பலர் செய்கிறார்கள். மண் அள்ளுகிற வேலைக்கான அசைவு அது, வெடுக்கென்று ஏறும், குழாய் டவருக்கு நான் சொல்லமாட்டேன். கிரேன் பொருத்திய லாரி இருக்கிறது, அதன் கை சுழலும், சந்துக்கு ஹைட்ராவைவிட ஏற்றது என்றுதான் படுகிறது, ஆனால் வேறொரு வேலையில் தூர நின்று பார்த்ததோடு சரி, டவருக்கு நான் பயன்படுத்தியதில்லை. ஒரு பாகமே ஐந்நூறு கிலோ வரும் கோண இரும்பு டவர், அல்லது வீட்டுக்கு முன்னால் காலி மனை இருக்கிறது என்றால் ஹைட்ராவே சரி, அதில் சந்தேகமில்லை. அந்த எடையில் முக்காலி வைத்து நான் செய்ததில்லை.

வாங்குவதா, வாடகையா என்றால், ஒரு நாள் வேலைக்குப் போர் மோட்டார்க்காரர்களிடம் ஆளோடு சேர்த்துக் கேளுங்கள், அவர்கள் கை பழகிய கை. நான் அப்புறம் செவ்வாய்ப்பேட்டையில் பழைய ஒரு டன் பிளாக் ஒன்று வாங்கிவிட்டேன். பழசு வாங்கும்போது மூன்று விஷயம் பார்த்தேன்: கொக்கியின் வாய் விரிந்திருக்கிறதா, கொக்கி நாக்கு மூடுகிறதா, சங்கிலியில் எந்தக் கண்ணியாவது நீண்டிருக்கிறதா. கடையிலேயே ஒரு மூட்டை இரும்பை மாட்டித் தூக்கி, கையை விட்டுப் பார்த்தேன். சங்கிலிக்கு எண்ணெய் போடலாம், பிரேக் தட்டில் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது. ஏற்காட்டுப் பனியில் வெளியே விட்டால் நாக்கில் துரு ஏறி டிக் சத்தம் மந்தமாகிவிடும், அதனால் ஏற்காட்டு நண்பர் அங்கிருக்கும் பிளாக்கை இப்போது சாக்கில் சுற்றிக் காப்பிக்கொட்டை அறையில் வைத்திருக்கிறார், ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் காலி கொக்கியோடு இரண்டு அடி ஏற்றி அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் மாட்டுகிறார்.