பிரஷரை மளமளவென்று இறக்குவதா, ஒரே சீராகப் பிடித்து வைப்பதா?

மூளையில் ரத்தக்கசிவு என்று பெரியப்பாவை மேலூரிலிருந்து மதுரைக்குக் கொண்டுவந்தபோது மானிட்டரில் மேல் எண் 210. கொஞ்ச நேரத்தில் 128, அப்புறம் மறுபடியும் 180. இறங்கியதைப் பார்த்துப் பெரியம்மா மீனாட்சியைக் கும்பிட்டார், ஆனால் இப்படி ஏறி ஏறி இறங்குவதுதான் கவலை என்றார் ஐசியூ நர்ஸ்.

வேகமாக இறக்கினால் கசிவு பெருகாது என்பது ஒரு பக்க நியாயம். 1000 பேரை வைத்து நடந்த அட்டாச்-2 ஆய்வு (2016) என்ன சொன்னது? 110-139க்கு இறக்கியவர்களுக்கு, 140-179ல் வைத்தவர்களைவிட உயிர் பிழைப்பதிலோ நடமாட்டத்திலோ கூடுதல் பலன் இல்லை, சிறுநீரகப் பாதிப்புதான் அதிகம்.

நான் சீராகப் பிடிப்பதன் பக்கம். 2,800 பேருக்கு மேல் சேர்ந்த இன்டராக்ட்-2 ஆய்வின் தரவை அலசியதில், அழுத்தம் அதிகம் ஊசலாடியவர்களிடம்தான் மரணமும் முடக்கமும் கூடுதலாக இருந்தன. ஊசலாட்டமே காரணமா, கசிவின் கடுமைக்கு அது அடையாளமா என்பது தனிக் கேள்வி. கசிவு மிகக் கடுமையாக இல்லாதவர்களுக்கு 140ஐக் குறியாக வைத்து 130-150க்குள் நிறுத்தலாம் என்கிறது 2022 அமெரிக்க வழிகாட்டுதல்.

பெரியப்பாவுக்கு மணிக்கட்டுத் தமனியில் குழாய் போட்டு, சிரிஞ்ச் பம்பில் மருந்தைத் துளித்துளியாகக் கூட்டிக் குறைத்த ராத்திரிதான் எண் 138, 144, 141 என்று நின்றது.